ஆர்.கே.பேட்டை பஸ்ஸும் ஏழாவது இலக்கும்

“மலையடிவாரத்துல கிளி வச்சிகினு உக்காந்திருக்கிறவன்கூட ஆறு மாசத்துக்கு மேல சொல்ல மாட்டான். நீ அஞ்சு வருஷத்துக்குச் சொல்லப் போறியாம்மா?”

திட்டமிடல் பிரிவில் நான் சேர்ந்த முதல் வாரத்தில் வேதியியல் துறைத் தலைவர் என்னிடம் கேட்டது இது. “சொல்ல மாட்டேன் சார், எழுதித் தருவேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை இல்லை என்பதால் நானும் சிரிக்கவில்லை.

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட குறிப்புகளை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெற்றிருப்பது அந்த நாற்காலியிலிருந்து மட்டும்தான். அட்டவணை போடுவது எப்படி, எந்தத் துறையிடம் எந்த மாதத்தில் விவரம் கேட்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டை நான்தான் எழுதினேன், நன்றாகவே இருக்கும். அதில் இல்லாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஐந்தாண்டுத் திட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: நம் பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டுகளில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொள்வது, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து, போகிறோமா இல்லையா என்று பார்ப்பது. எல்லோரும் சேர்ந்து எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். துறைகளிடம் இலக்குகள் கேட்டபோது எண்பதுக்கு மேல் வந்தன. விளையாட்டுத் துறை மைதானம் கேட்டது. மைதானத்துக்குப் பக்கத்துக் கட்டடத்துத் துறை, விளையாட்டுச் சத்தம் குறைய வேண்டும் என்று கேட்டது. விடுதிக் காப்பாளர் ‘உலகத் தரம்’ என்று இரண்டே சொற்களில் எழுதியிருந்தார். எதற்கு என்று எழுதவில்லை. எண்பதையும் பன்னிரண்டாகக் குறைத்தோம். ஒவ்வொன்றையும் எதைக் கொண்டு அளப்பது என்று தீர்மானித்தோம். எண்ணியபடி நடந்தால் பச்சை, பின்தங்கினால் மஞ்சள், பாதிக்கும் கீழே போனால் சிவப்பு.

இதோடு ஒரு விதியையும் சேர்த்தோம். ஓர் இலக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சிவப்பில் இருந்தால், அதற்காக நடக்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும். இதை எழுதியதும் நான்தான். கூட்டத்தில் துணைவேந்தர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும்போது என் நடையே வேறு மாதிரி இருந்தது.

இப்போது நூலகத்தின் கதை. மாணவர்கள் படிக்கிறார்களா என்று அறிய, நூலக வாசலில் ஆள் நுழைந்தால் எண்ணும் கருவி ஒன்று வைத்தோம். முதல் ஆண்டுக் கோடையில் எண்ணிக்கை அப்படி ஏறியது. துணைவேந்தர் நூலகரைப் பாராட்டி ஒரு சால்வை போட்டார். அடுத்த பருவத்தில் எண்ணிக்கை பாதியாக விழுந்தது. வாசிப்புப் பழக்கம் ஏன் குறைகிறது என்று பேராசிரியர்களைக் கூட்டி ஒரு நாள் முழுக்கப் பேசினோம். மாலையில் நூலக உதவியாளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “கேன்டீன்ல ஆர்.ஓ. மெஷின ரிப்பேர் பண்ணிட்டாங்க மேடம்” என்றார். கோடை முழுக்க நம் வளாகத்தில் குளிர்ந்த தண்ணீர் வந்தது நூலகத்தில் மட்டும்தான்.

சிவப்பு வந்தால் காரணம் கேட்போம். பச்சை வந்தால் சால்வை போடுவோம். நானும் போட்டேன். சால்வையை வாங்கி வந்தது நான்தான்.

இரண்டாவது சம்பவத்தைச் சொல்ல எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் அடுத்தது புரியாது. மேலே சொன்ன வேதியியல் துறைத் தலைவர் மூன்றாம் ஆண்டில் ஒரு கடிதம் கொடுத்தார். அவர் துறையை அளக்க நாங்கள் வைத்திருந்தது, ஆண்டுக்கு எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகின்றன என்பது. அந்த ஆண்டு அவர் துறையில் இரண்டு பேராசிரியைகள் மகப்பேறு விடுப்பில் இருந்தார்கள். பணியில் இருந்தவர்களின் கணக்கில் மட்டும் அளக்க முடியுமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் பதில் எழுதினேன்: “பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லைக் கோட்டை நகர்த்த இயலாது.” கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றைத் துணைவேந்தருக்கும் அனுப்பினேன். வேதியியலுக்கு மஞ்சள் விழுந்தது. அதன்பின் அவர் என்னை வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். அதற்கு முன் சொன்னதில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி ஏழாவது இலக்கு.

‘பட்டதாரியே இல்லாத குடும்பங்களின் பெண்களைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவருதல்.’ பன்னிரண்டு இலக்குகளில் இதை எழுதியது நான். என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இதை நான் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். அந்த இலக்குக்காக ஆர்.கே.பேட்டையிலிருந்து மாணவிகளுக்கென்று ஒரு பஸ் விட்டோம். காலையில் ஏற்றி வந்து, மாலையில் செய்முறை வகுப்பு முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடும். டவுன் பஸ்ஸை நம்பி அந்த நேரத்தில் பெண்ணை அனுப்பாத வீடுகள்கூட இந்த பஸ்ஸுக்கு அனுப்பின.

இதை எதைக் கொண்டு அளப்பது என்றபோது எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு அரசு தருவது. நான் படிக்கும்போது நானும் வாங்கினேன். வீட்டில் இப்போதும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அந்த பஸ்ஸில் வரும் மாணவிகளில் அந்த ஆண்டு எத்தனை பேர் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தார்கள் என்று எண்ணினால் போதும். தாளில் இருப்பதை எண்ணினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

முதல் ஆண்டு இருபத்து மூன்று பேர். இரண்டாம் ஆண்டு இருபது. மூன்றாம் ஆண்டு பதினான்கு, மஞ்சள். நான்காம் ஆண்டு ஒன்பது, சிவப்பு.

சிவப்பு விழுந்ததும் நான் செய்தது, ஆர்.கே.பேட்டையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டி, பெண் கல்வியின் அவசியம் பற்றி நானே நாற்பது நிமிடம் பேசினேன். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே பெண்ணை எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். பேச்சு முடிந்ததும் வரிசையாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “பெரிய பொண்ணு முடிச்சிடுச்சிம்மா. சின்னதுக்கும் சீட்டு கெடைக்கும்ல?” எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அறிக்கையில் ‘விழிப்புணர்வு மேலும் தேவை’ என்று எழுதினேன். விடையை அத்தனை பேர் என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் ஃப்ளெக்ஸைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் ஆண்டு நான்கு பேர். இரண்டாவது சிவப்பு. விதிப்படி பஸ் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆண்டாய்வுக் கூட்டம். அதற்கு முந்தைய புதன்கிழமை எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான துணைப் பதிவாளர் மேடம் என்னைக் கூப்பிட்டார். நான் வேலை கற்றது இவரிடம்தான். அதிகம் பேச மாட்டார், பேசினால் பேனாவை மூடிவிட்டுத்தான் பேசுவார்.

“நம்பர் இவ்ளோ கீழ போயிருக்குன்னா பஸ்ஸு காலியாத்தான ஓடுது? அரக்கோணம் ரூட்டுக்கு மாத்திடலாம்னு துணைவேந்தர் கேக்கிறாரு. விதி நீ எழுதுனதுதான்.”

“ஆமாம் மேடம்.”

“ஒருவாட்டி ஏறிப் பாத்துட்டு வா. எத்தனை சீட்டு காலின்னு அறிக்கையில போட்டுட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளில் நான் அந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை. வேலை நாட்களில் வளாகத்துக்குப் பக்கத்தில், திருத்தணியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன், அன்று பஸ் ஓடாது. என் தங்கை இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறாள். அந்த பஸ்ஸில்தான் வருகிறாள். அவளிடமும் நான் கேட்டதில்லை. எண்கள்தான் கையில் இருந்தனவே.

புதன் மாலை ஊருக்குப் போய், வியாழன் காலை அவளோடு நிறுத்தத்தில் நின்றேன். என்னோடு நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நான்கடி தள்ளி நின்றாள்.

“இன்னாக்கா, அதிசயமா எங்க பஸ்ஸுல?”

“காலி சீட்டு எண்ணப் போறேன்.”

“எண்ணு. ஒண்ணு கெடச்சா எனக்குச் சொல்லு, நான் உக்காந்துக்கிறேன்.”

பஸ் வந்தது. மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் நான் படிக்கட்டுக்குத் தள்ளப்பட்டிருந்தேன். ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

“மேடம், உள்ள போங்க. ஆபீஸ்காரங்களே படியில தொங்கினு வந்தா நல்லாவா கீது?”

“எடம் இல்லண்ணா.”

“ஆங், அதத்தான் ரெண்டு வருஷமா சொல்லிகினு கீறேன். கேக்கறதுக்கு யாரு கீறாங்க?”

யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். போக்குவரத்துப் பிரிவின் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். அந்தப் பதிவேடு எங்கள் பிரிவுக்கு வராது. எங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் நிறைந்திருக்கிறது, என் தாளில் இந்த ஆண்டுக்கு நான்கு பேர்தான் இருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்: “இங்க யார் யார்கிட்ட முதல் பட்டதாரி சர்டிபிகேட் இருக்கு?”

புதிதாகச் சேர்ந்தவர்களில் நான்கு கைகள்தான் உயர்ந்தன. மூன்று ஆண்டு வகுப்புகளையும் சேர்த்தாலும் பாதி பஸ்கூட இல்லை.

“மத்தவங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்களா?”

நடுவிலிருந்து என் தங்கையின் குரல் வந்தது. பஸ் முழுக்கக் கேட்கும்படி.

“நம்ம வூட்டுல அத நீ வாங்கிட்ட. எனக்கு எங்க இருந்து குடுப்பாங்க? வூட்டுக்கு ஒண்ணுதானே.”

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. அதன்பின் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

“எங்க வூட்ல அண்ணன் வாங்கிட்டான் மேடம். வாங்கிட்டு, எட்டு அரியர் வச்சிகினு கீறான்.”

“நீ வாங்கியிருந்தா மட்டும் கிழிச்சிருப்ப!”

“ஏய், எனக்கு அரியரே இல்லடி, மேடம் நம்பப் போறாங்க!”

ஜன்னல் ஓரம் இருந்த ஒல்லியான பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “எங்க அக்கா வாங்குச்சி மேடம். அக்கா இதே பஸ்ஸுலதான் வந்துச்சி. அது ஒழுங்கா போயிட்டு வந்ததப் பாத்துத்தான் வூட்ல என்னையும் அனுப்புனாங்க. அடுத்த வருஷம் தங்கச்சிய அனுப்பறேன்னு இருக்காங்க.”

நான் அதைத் தாளில் எழுதிக்கொண்டேன். வண்டி ஆடியதில் என் எழுத்து எனக்கே பிடிபடவில்லை. ஆனால் விஷயம் பிடிபட்டது. அக்கா வந்தால் என் அட்டவணையில் ஒன்று ஏறும். அவளைப் பார்த்து இரண்டு தங்கைகள் வந்தால் ஒன்றும் ஏறாது. ஒரு வீட்டில் படிப்பு நிலைத்துவிட்டது என்பதுதான் என் கணக்கில் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது.

என் தங்கையின் விண்ணப்பத்தை நிரப்பியது நான். ‘முதல் பட்டதாரிச் சான்றிதழ் உள்ளதா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியதும் நான். நான்காம் ஆண்டின் சிவப்பில் ஒரு பங்கு என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் முதலாவதாகப் படிப்பதுதான் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்றவர்களை மட்டும் எண்ணும் ஓர் அளவுகோலைச் செய்து, அதற்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரையும் வாங்கியிருந்தேன்.

இறங்கும்போது தங்கை பக்கத்தில் வந்தாள். இந்த முறை நான்கடி தள்ளி நிற்கவில்லை.

“பஸ்ஸ எடுக்கப் போறாங்களாமே, மெய்யா?”

“யார் சொன்னது?”

“டிரைவரண்ணன். எடுத்துட்டா நைனா என்னை டவுன் பஸ்ல அனுப்ப மாட்டாரு. உனக்கே தெரியும்.”

தெரியும். அப்பாவை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இந்த பஸ்ஸைக் காட்டித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். அவளோடு வந்த மற்ற பெண்களின் வீடுகளிலும் இதே பேச்சுதான் நடந்திருக்கும்.

அன்று பகல் முழுக்க அந்த பஸ்ஸில் பாஸ் வைத்திருப்பவர்களின் விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்குப் படித்த அக்காவோ அண்ணனோ இருந்தார்கள். அநேகமாக எல்லோருடைய பெற்றோரும் கல்லூரியைப் பார்த்ததில்லை. மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் பேனாவை மூடினார்.

“சுலபமா முடிக்கலாம். அளவு என்னன்னு போட்டிருக்கிற கட்டத்துல, சான்றிதழ்ன்றத எடுத்துட்டு ‘பெற்றோர் பட்டம் படிக்காதவர்’னு போடு. பழைய வருஷத்தையும் அப்படியே மாத்திடு. எல்லாம் பச்சையாயிடும். பன்னெண்டு பக்கத்துல ஒரு வரிய யாரு பாக்கப் போறாங்க?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்காகத்தான் சொன்னார். நான் இருக்கைக்கு வந்து மாற்றினேன். இதை மறைக்க மாட்டேன். மாற்றியதும் ஐந்து ஆண்டுகளும் பச்சையாகின. பார்க்க அழகாக இருந்தது. சேமிப்பதற்கு முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியில் வேதியியல் தலைவர் எதிரே வந்து, வழக்கம்போல் வணக்கம் சொன்னார்.

அவர் என்னிடம் கடிதம் எழுதிக் கேட்டார். பெயர் போட்டு, காரணம் சொல்லி. நான் மாட்டேன் என்றேன். இப்போது அதையே நான் எனக்குச் செய்துகொள்கிறேன், கடிதம் இல்லாமல். என் தங்கை போகும் பஸ்ஸுக்காக.

மாற்றியதை அழித்தேன். சிவப்பு திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மேசைக் கண்ணாடியைக் காட்டினார். அதன் அடியில் என் பழைய கடிதம் இருந்தது.

“பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லைக் கோட்டை நகர்த்த இயலாது,” என்று வாசித்தார். “நல்ல தமிழ்மா. வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்றேன்.”

“சரி சார்.”

“இப்ப நகத்தணுமா?”

“இல்ல சார். கோடு அங்கேயே இருக்கட்டும். தப்பான எடத்துல போட்டிருக்கேன்னு கூட்டத்துல சொல்லப் போறேன். உங்க பழைய கடிதத்தையும் சேத்து வைக்கிறேன். அதுக்கும் நான் சரியா பதில் சொல்லல.”

“இது லஞ்சமா?”

“இல்ல சார். தாமதம்.”

“திங்கக்கிழமை நான் உன்னைச் சும்மா விட மாட்டேன்” என்றார். பிறகு, போகலாம் என்பதுபோல் கையைக் காட்டினார்.

சும்மா விடவில்லை. கூட்டத்தில் நான் முதலில் சொன்னது, என் தங்கை அந்த பஸ்ஸில் வருகிறாள் என்பது. மேடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று காலையில்கூடச் சொல்லியிருந்தார். சொன்னதும் அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அடுத்து, ஏழாவது இலக்கு இரண்டாவது ஆண்டாகச் சிவப்பு என்றேன். பஸ்ஸில் பார்த்ததையும் விண்ணப்பங்களில் பார்த்ததையும் சொன்னேன். அளவை வைத்தவளும் விதியை எழுதியவளும் நானே என்றும், விதியிலிருந்து ஓர் ஆண்டு விலக்கு மட்டும் கேட்கிறேன், நிறத்தை மாற்றக் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

வேதியியல் தலைவர் கையைத் தூக்கினார்.

“நீங்க ஏறிப் பாத்த அன்னிக்கு கிருத்திகையாம்மா?”

கிருத்திகை அன்று திருத்தணிக்கு வரும் டவுன் பஸ்களில் நிற்க இடம் இருக்காது; அவற்றில் வரும் மாணவிகளும் அன்று இந்த பஸ்ஸில்தான் ஏறுவார்கள். கேள்வி சரியானது.

“இல்ல சார். வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமைகூட இல்ல.”

“புதுக் குடும்பங்க வர்றது கொறஞ்சிருக்கா, இல்லையா?”

“கொறஞ்சிருக்கு சார்.”

“அப்ப சிவப்பு பொய் இல்ல.”

“பொய் இல்ல சார். அது கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். பஸ்ஸு வேணுமா வேணாமான்றது அந்தக் கேள்வியில இல்ல. பஸ்ஸ எடுத்தா, வந்துகினு இருக்கிற குடும்பங்களும் நின்னுடும். அதுக்கு என்கிட்ட எண் இல்ல. இனிமே எடுத்துதான் தரணும்.”

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளாக அந்த அறையில் நான் அப்படிப் பேசியதில்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தாலும் பரவாயில்லை.

துணைவேந்தர் தன் முன் இருந்த இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றில் நான்கு என்றும் மற்றொன்றில் பஸ் நிறைய என்றும் இருந்தது. பிறகு சொன்னார்: சிவப்பு சிவப்பாகவே இருக்கட்டும். பஸ் ஓர் ஆண்டுக்கு ஓடட்டும். பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை போட்டு, படித்தவர் இருக்கும் வீட்டிலிருந்து இரண்டாவதாக, மூன்றாவதாக வருகிறவர்களையும் எண்ணட்டும். வேதியியலின் கடிதத்துக்குப் புதிதாகப் பதில் போகட்டும். ஏழாவது இலக்கை இனி நான் பார்க்கக் கூடாது. வேதியியல் தலைவர் பார்ப்பார்.

கடைசி வாக்கியம் எனக்கு வலித்தது. அது சரியான முடிவு என்பதால் வலி குறையவில்லை. நான் எழுதிய இலக்கு, என் ஊர் பஸ், என் தங்கை. மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அளவுகோலை என் கையில் கொடுக்கக் கூடாது. உங்களில் ஒருவர் திருவாலங்காடு என்று கேள்விப்பட்டேன். அங்கே கரும்பு விவசாயிகளின் பிள்ளைகளுக்காக ஏதாவது திட்டம் வந்தால், அதை மற்றவர் அளக்கட்டும். அப்படிச் செய்வதில் கௌரவக் குறைவு இல்லை. இருப்பதுபோல் இரண்டு மாதம் தோன்றும்.

வேதியியல் தலைவர் அடுத்த வாரமே, அரக்கோணத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஆர்.கே.பேட்டைக்குப் போய், அந்த பஸ்ஸில் ஏறி வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவர் கொடுத்த அறிக்கையில் இரண்டு வரிகள் இருந்தன. ‘நின்றுகொண்டே வந்தேன். கிருத்திகை இல்லை.’ நம் பிரிவுக்கு வந்த அறிக்கைகளிலேயே மிகச் சிறந்தது அதுதான். கோப்பில் இருக்கிறது, பாருங்கள்.

அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் இப்போது உங்கள் கையில். ஓர் அளவை வைக்கும்போது, எல்லாம் மிக நன்றாக நடந்தால் இந்த எண் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும் என்று உடனே சொல்லாதீர்கள். என் எண் இறங்கியது. அளவை மாற்ற நேர்ந்தால் எல்லோர் முன்னாலும் மாற்றுங்கள்; பழைய எண்ணையும் பக்கத்திலேயே வைத்திருங்கள், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும். உங்களிடம் யாராவது கடிதம் கொடுத்துக் கேட்டால், நல்ல தமிழில் பதில் எழுதுவதற்கு முன் போய்ப் பேசுங்கள்.

என்னைத் திட்டமிடல் பிரிவிலிருந்து யாரும் அனுப்பவில்லை. அப்படி ஒரு பேச்சு வளாகத்தில் இருப்பதால் சொல்கிறேன். போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு நானே எழுதிக் கொடுத்தேன். மேடம் இரண்டு முறை யோசிக்கச் சொன்னார். இரண்டு முறையும் யோசித்தேன். போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். இங்கே மேசை சிறியது, மின்விசிறி சத்தம் போடுகிறது, ஓட்டுநர்கள் எழுதும் பதிவேடு நேராக என்னிடம் வருகிறது.

சேர்ந்த இரண்டாம் நாள் ஆர்.கே.பேட்டை வழித்தடத்துக்கு இரண்டாவது பஸ் கேட்டு ஒரு கோப்பு தயாரித்தேன். என் தங்கை அதில் பயணம் செய்கிறாள் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். விதிப்படி அதற்குத் திட்டமிடல் பிரிவின் கருத்து வேண்டும். நேற்று மாலை கோப்பை உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.